படிப்பிலும் வருணாசிரமமா?

அமெரிக்கா தேசத்துச் சர்வகலாசாலைகள் சிலவற்றில் ஒரு தனி மாதிரியான எம்.ஏ. படிப்பு வெகுகாலமாக நடந்து வந்திருக்கின்றது. அதாவது, என்ன பாடம் படிப்பது என்பதைச் சர்வகலாசாலை தீர்மானிப்பதற்குப் பதிலாகப் படிக்க வருகிறவனே தீர்மானித்துக் கொள்வது. சாதாரணமாக எம்.ஏ. என்றால் சரித்திரம் என்றோ, ரசாயனம் என்றோ, பொருளாதாரம் என்றோ ஒரு இலாகாவில் நுழைய வேண்டும். அந்த இலாகா வகுத்து வைத்த பாடத்தைப் படிக்க வேண்டும். அதில் பரீட்சை கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். இந்தத் தனி மாதிரிப் படிப்பிலோ, மாணவன் முதலில் ஒரு கேள்வியோடு வருகிறான். "இந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு ரசாயனத்தில் இவ்வளவு வேண்டும், சட்டத்தில் இவ்வளவு வேண்டும், சரித்திரத்தில் இவ்வளவு வேண்டும், இன்ன ஆசிரியரிடம் கற்க வேண்டும், கடைசியில் இன்ன ஆராய்ச்சியை எழுதிக் கொடுப்பேன்" என்று தானே திட்டம் போட்டு மனுச் செய்கிறான். சர்வகலாசாலை அதைப் பார்த்து, கேள்வியில் சத்து இருக்கிறதா, திட்டத்தில் ஒழுங்கு இருக்கிறதா என்று ஆராய்ந்து இடம் கொடுக்கிறது, அல்லது மறுக்கிறது.

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. வெர்மாண்ட் மாகாணத்தில் காடர்டு காலேஜ் என்பது 1938 இல் இந்த நோக்கத்தோடேயே ஆரம்பிக்கப்பட்டது. வேலை செய்து பிழைக்கும் பெரியவர்கள் சில நாட்கள் மட்டும் வந்து தங்கி ஆசிரியரோடு கலந்து திட்டம் போட்டுக் கொண்டு, பிறகு வீட்டில் இருந்தபடியே படிக்கும்படியான ஏற்பாட்டை அது 1963 இல் செய்தது. கனெக்டிகட் மாகாணத்து வெஸ்லியன் சர்வகலாசாலை பல துறைகளையும் கலந்து படிக்கும் முதுகலைப் பட்டத்தை 1953 இல் ஏற்படுத்தியது. நியூயார்க் சர்வகலாசாலையில் 1972 இல் "சுவரில்லாத சர்வகலாசாலை" என்னும் பெயரால் ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, அதுவே பின்னால் கேலட்டின் பள்ளியாயிற்று. அங்கே எம்.ஏ. முடிக்கிறவன் ஆராய்ச்சி எழுதலாம்; கலைப்படைப்பு ஒன்றைச் செய்து அதற்கு விளக்கம் எழுதலாம்; அல்லது உலகத்தில் உபயோகப்படும் காரியம் ஒன்றைச் செய்து காட்டி அதைப் பற்றி எழுதலாம். ஆனால் எதைச் செய்தாலும் பரீட்சகர்கள் முன் உட்கார்ந்து தான் செய்தது சரி என்று வாதித்து நிலைநாட்ட வேண்டும்.

இதைக் கேட்டவுடனே நம் நாட்டுப் பண்டிதர்கள் என்ன சொல்லுவார்கள் என்பது நமக்குத் தெரியும். "மாணவனாவது பாடத்தைத் தீர்மானிப்பதாவது! குருவில்லாமல் வித்தை ஏது? பல துறையிலும் கை வைக்கிறவனுக்கு ஒரு துறையும் உருப்படாதே!" என்பார்கள். இந்தப் பேச்சுக்கள் எங்கேயிருந்து வருகின்றன என்று நாம் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் தன் பாடத்தைத் தானே வகுத்துக் கொண்டு படித்த மாணவன் ஒருவனைப் பற்றிப் பாரதக் கதையே சொல்லுகிறது. ஏகலைவன் என்ற வேடர் பிள்ளை துரோணனிடம் வில்வித்தை கற்கப் போனான். வேடன் என்பதற்காகத் துரோணன் சேர்க்க மறுத்தான். பையன் காட்டுக்குப் போய்த் தானே பழகி, அர்ச்சுனனையும் மிஞ்சும் வில்லாளி ஆனான். அதைக் கண்டதும் துரோணன் என்ன செய்தான்? "நல்ல வேலை செய்தாய்" என்று தட்டிக் கொடுத்தானா? வலது கைக் கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டு வாங்கிக் கொண்டான். ஒரு நாள் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்காதவனுக்குத் தட்சிணை! இந்தக் கதையைக் குருபக்திக்கு உதாரணமாக இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா என்று கேட்கிறோம்.

ஏகலைவன் பேரிலும் நமக்கு ஒரு குறை உண்டு. தானே முயன்று தானே கற்ற வித்தைக்குத் துரோணனைப் போல ஒரு மண் பொம்மையைச் செய்து வைத்துக் கும்பிட்டு, எல்லாம் அந்தப் பொம்மையால் வந்தது என்று நம்பினான் பாருங்கள், அதுதான் அவன் செய்த தப்பு. கை அவனுடையது, கண் அவனுடையது, பழகின பழக்கம் அவனுடையது. பெருமை மாத்திரம் பொம்மைக்கு! அந்த நம்பிக்கை இல்லாதிருந்தால் விரல் போயிருக்குமா? ஆகவே அடிமைத்தனம் என்பது விரலை வெட்டும் கத்தியில் இல்லை, வெட்டிக் கொடுக்கச் சம்மதிக்கும் மனதில்தான் இருக்கிறது.

புராணத்தோடு இது நின்றதா என்றால் அதுவும் இல்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்லுகிறது கௌதம தர்ம சூத்திரம். யார் எதைப் படிக்கலாம், யார் எதைப் படிக்கக் கூடாது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. சாஸ்திரம் போய் சர்க்கார் வந்த பிறகாவது அந்தப் புத்தி போயிற்றா? 1953 இல் சென்னை மாகாணத்தில் இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை கொண்டு வந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை யாராவது மறந்துவிட முடியுமா? அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார்கள். வண்ணான் பிள்ளை வெளுக்க வேண்டும், குயவன் பிள்ளை சட்டி வனைய வேண்டும் என்பதற்குப் பெயர் கல்வித் திட்டம். இந்த இயக்கமும் மக்களும் எதிர்த்து நின்றதன் பேரில் 1954 இல் காமராஜர் மந்திரிசபை அதை எடுத்துத் தொலைத்தது. அந்தக் குலக்கல்வித் திட்டத்திற்கு நேர் எதிரிடையானது எது என்று கேட்டால், "நீ என்ன தெரிந்து கொள்ள விரும்புகிறாய், உன் திட்டம் என்ன?" என்று மாணவனையே கேட்கும் படிப்புதான் என்று தயங்காமல் சொல்லுவோம்.

இப்போது நம் கலாசாலைகளின் இலாகாக்களைப் பாருங்கள். ஒவ்வொரு இலாகாவும் ஒரு அக்கிரகாரமாக இருக்கின்றது. ரசாயனக்காரன் சட்டத்தைத் தொட்டால் தீட்டு. சரித்திரக்காரன் கணக்கைத் தொட்டால் தீட்டு. பி.எஸ்.ஸி. ரசாயனத்தில் பிறந்தவன் எம்.எஸ்.ஸி. ரசாயனத்தில்தான் கலியாணம் செய்து கொள்ள வேண்டும் என்பதுதானே வெகுகாலமாக நம் ஊர் வழக்கம்? மனிதரில் ஜாதி வைத்தவர்கள் அறிவிலும் ஜாதி வைத்தார்கள். ஆனால் உலகத்தில் உள்ள கஷ்டங்கள் இலாகா பார்த்தா வருகின்றன?

இதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு முன் திருப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர் நம்மைப் பார்க்க வந்திருந்தார். தகப்பனார் முன்னே விவசாயி, இப்போது பனியன் கம்பெனியில் வேலை. பையன் ரசாயனத்தில் பி.எஸ்.ஸி. பாஸ் செய்தவர். மேலே குறிப்பிட்ட மாதிரியான படிப்புக்கு அமெரிக்காவுக்கு மனுப் போட உத்தேசித்து, எழுதி வைத்திருந்ததைக் கொண்டு வந்து காட்டினார். அதில், "சிறு வயது முதற்கொண்டே எனக்கு அறிவுத் தாகம் அதிகம், தங்களுடைய உலகப் பிரசித்தி பெற்ற சர்வகலாசாலையின் பாதத்தில் அமர்ந்து பயில்வது என் வாழ்நாள் கனவு" என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்திற்குத் தோத்திரம் இருந்தது. இது கோவிலில் சொல்லும் அர்ச்சனையா, கலாசாலைக்குப் போடும் மனுவா என்று கேட்டோம். யார் எழுதிக் கொடுத்தது என்றோம். பணம் வாங்கிக் கொண்டு மனு எழுதிக் கொடுக்கும் ஏஜெண்டு ஒருவர் எழுதியது என்றார்.

"அதை ஒரு பக்கம் வை. உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று அமெரிக்கா போக நினைக்கிறாய்? உன் வாயால் சொல்" என்றோம். அப்போது அவர் சொன்னது வேறு. "எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் தாத்தா காலத்தில் குடிக்க ஆகுமாம். எனக்குத் தெரிந்து அதில் ஒரு தென்னை கூடத் தளிர்க்கவில்லை. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் விட்டார்கள். ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டின அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. மூடினதும் பட்டறைக் கூலிக்காரர்கள் தெருவில் நின்றார்கள். அதில் எங்கள் மாமாவும் ஒருவர். தண்ணீர் கெட்டதற்கும் அழுதோம், பட்டறை மூடினதற்கும் அழுதோம். இரண்டு அழுகைக்கும் காரணம் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியவேண்டும்" என்றார்.

தோழர்களே! இந்தக் கேள்வி எந்த இலாகாவைச் சேர்ந்தது? சாயம் துணியில் பிடிப்பதற்கு உப்பை ஏராளமாகப் போடுகிறார்கள். அந்த உப்பு ஆற்றில் போய் மண்ணைக் கெடுக்கிறது. இது ரசாயனம். யாருக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது என்பது சட்டம். சட்டை ஒன்றுக்குச் சீமை வியாபாரி கொடுக்கும் விலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு அடங்குமா என்பது பொருளாதாரம். விவசாயக் குடும்பங்கள் எப்படிப் பட்டறைக் கூலிகளாயின என்பது சரித்திரம். ரசாயன எம்.எஸ்.ஸி. படித்தால் உப்பை அளக்கத் தெரியும். உப்பு ஏன் ஆற்றுக்கு வந்தது என்று கேட்டால் "அது என் பாடமல்ல" என்பான். சட்டம் படித்தவன் தீர்ப்பைப் படிப்பான். கிணற்றுத் தண்ணீரைக் காட்டினால் "அது என் பாடமல்ல" என்பான். எல்லோரும் "என் பாடமல்ல" என்று கையைக் கழுவிக் கொண்டால், குடியானவன் எந்தத் தண்ணீரில் கை கழுவுவது?

இந்த மாதிரிக் கேள்வி உள்ளவனுக்குத்தான் இந்த மாதிரிப் படிப்பு. கேள்வி இல்லாதவனுக்கு இது வேண்டியதே இல்லை. ஒரே இலாகாவில் அடங்கும் கேள்வியானால் அந்த இலாகாவிலேயே போய்ப் படிக்கட்டும். அதில் குற்றமொன்றும் இல்லை. "உன் கேள்வியை ஒரு இலாகாவுக்குள் ஏன் படிக்க முடியாது?" என்பதற்கு நேரான பதில் சொல்ல முடிகிறவன்தான் இந்த மனுவைப் போடலாம். பல துறை என்பது பல கடையில் ருசி பார்ப்பது அல்ல. ஒரு வீடு கட்டக் கொத்தனும் வேண்டும், தச்சனும் வேண்டும், கொல்லனும் வேண்டும். ஆனால் கட்டுவது ஒரு வீடுதான். பல துறையில் கை வைத்தால் ஒன்றும் உருப்படாது என்கிற பண்டிதர்களுக்கு இதுதான் பதில்.

இதற்கு நம்மவர் ஒருவரே சாட்சியாக இருக்கிறார். தோழர் அம்பேத்கர் 1913 இல் பரோடா மகாராஜாவின் உபகாரச் சம்பளத்தில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே இந்தத் தனி மாதிரி எம்.ஏ. கிடையாது, அவர் வாங்கினது சாதாரண எம்.ஏ.தான், 1915 இல் வாங்கினார். ஆனால் அங்கே அவர் எடுத்துக் கொண்ட பாடங்களைப் பாருங்கள்: பொருளாதாரத்தில் 29, சரித்திரத்தில் 11, சமூக சாஸ்திரத்தில் 6, தத்துவத்தில் 5, மானிட சாஸ்திரத்தில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒவ்வொன்று, ஆக 60. எந்த இலாகாவின் வேலியும் அவரைத் தடுக்கவில்லை. ஏனென்றால் அவருடைய கேள்வி எந்த வேலிக்குள்ளும் அடங்காத கேள்வி: ஜாதி எப்படி உண்டாயிற்று, எப்படி நிலைக்கிறது? 1916 மே மாதம் 9ந் தேதி கோல்டன்வைசர் என்ற மானிட சாஸ்திர ஆசிரியரின் வகுப்பில் இந்தியாவில் ஜாதிகள் என்பது பற்றித் தம்முடைய வியாசத்தைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. ஜாதியை நிலைநிறுத்துவது ஜாதிக்குள்ளேயே கலியாணம் என்கிற வழக்கம்தான் என்பதையும், விதவையை எரிப்பதும் பாலிய விவாகமும் அந்த வழக்கத்தைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுகளே என்பதையும் அதில் எடுத்துக் காட்டினார். வெறும் சரித்திரம் படித்திருந்தாலோ, வெறும் பொருளாதாரம் படித்திருந்தாலோ இது அகப்பட்டிருக்குமா? 1936 இல் லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட அவருடைய ஜாதி ஒழிப்புச் சொற்பொழிவைத் தமிழாக்கி வெளியிட்டது நமது "குடி அரசு" என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சொற்பொழிவின் விதை நியூயார்க் வகுப்பறையில் போடப்பட்டது.

இன்னும் ஒரு சங்கதி. கொலம்பியாவில் அம்பேத்கர் பாடம் கேட்ட ஆசிரியர்களில் ஜான் டூவி ஒருவர். மனிதன் சிந்திக்க ஆரம்பிப்பது ஏதாவது ஒரு கஷ்டத்தில் மாட்டிக் கொள்ளும்போதுதான், மனப்பாடத்தால் அல்ல என்பது 1910 இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் கருத்து. மேலே சொன்ன காடர்டு காலேஜை ஏற்படுத்தியவர்கள் டூவியின் கொள்கையைப் பின்பற்றியவர்களே. ஆகவே ஜாதியை அலசிப் பார்த்த மூளையும், மாணவன் தன் பாடத்தைத் தானே வகுக்கும் கலாசாலையும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

நிற்க. இந்த மனுவை நம் நாட்டில் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். மனுவுக்குச் சாதாரணமாகக் கேட்பது இவ்வளவுதான்: நோக்கத்தையும் படிப்புத் திட்டத்தையும் சொல்லும் வியாசம் ஒன்று, முன் படித்த படிப்பின் மார்க்குப் பட்டியல், இரண்டு மூன்று ஆசிரியரின் சிபார்சுக் கடிதம், தானே எழுதியதில் ஒரு மாதிரி, இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. இதில் சோசியனுக்கு எங்கே வேலை? ஆனால் முதல் வேலையே அவனுக்குத்தான் வைக்கிறார்கள். மனுவை எந்த நாளில் அனுப்புவது, ராகு காலம் எப்போது கழிகிறது என்று பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். இங்கே ராகு காலமாக இருக்கும்போது அமெரிக்காவில் நடு ராத்திரியாக இருக்கிறதே, அந்த ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறான் என்று ஒருவராவது யோசித்ததுண்டா?

இடம் கிடைத்துவிட்டால் விசாவுக்குச் சாமி. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் ஒரு பெருமாள் இருக்கிறார். அவருக்கு "விசா பாலாஜி" என்றே பெயர். வேண்டிக் கொண்டு 11 சுற்று. விசா கிடைத்தால் திரும்பி வந்து 108 சுற்று. அந்தக் கோவிலில் உண்டியல் கிடையாது என்று அதைப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். காசை வாங்காவிட்டால் என்ன, புத்தியை வாங்கி விடுகிறார்களே! ரசாயனம் படித்தவனும் கணக்குப் படித்தவனும் எந்திர சாஸ்திரம் படித்தவனும் செக்குமாடு போல் சுற்றுகிறான். விசா கொடுப்பது பெருமாளானால், கட்டணமும் காகிதமும் வாங்கிக் கொண்டு கேள்வி கேட்கிற அமெரிக்கக் கான்சல் எதற்கு? 108 சுற்றுச் சுற்றும் நேரத்தில் தன் படிப்புத் திட்டத்தை ஒரு தடவை திருப்பிப் படித்தால், கான்சலிடம் தடுமாறாமல் பதிலாவது சொல்லலாமே!

அடுத்தது பெரிய மனிதர் சிபார்சு. எம்.எல்.ஏ. வீட்டுத் திண்ணையிலும், மாமாவுக்குத் தெரிந்த துணைவேந்தர் வாசலிலும் காத்துக் கிடக்கிறார்கள். உன் வேலையைக் கண்ணால் பார்க்காதவன் எழுதும் கடிதத்திற்கு என்ன மதிப்பு? "இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, நல்லொழுக்கம் உடையவர்" என்று எழுதுவான். கலாசாலைக்கு உன் குடும்பமா வேண்டும்? இந்தப் பையன் எந்தக் கேள்வி கேட்டான், தவறு என்று காட்டியபோது திருத்திக் கொண்டானா, வேலையை முடித்தானா என்பதைப் பார்த்தவர் எழுத வேண்டும். சோதனைச் சாலையில் கூட நின்ற சிறு ஆசிரியர் எழுதும் பத்து வரி, பட்டம் பத்து உடைய பெரியவர் எழுதும் இரண்டு பக்கத்தைவிட மேலானதாகும்.

அதற்கடுத்தது ஏஜெண்டு. இப்போது ஏஜெண்டுக்கும் போட்டியாக, கேட்டால் நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் யந்திரமும் வந்துவிட்டது. எழுத்துப் பிழை திருத்த யந்திரத்தை வைத்துக் கொள்வதை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் "உனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதிலையே அடுத்தவனிடம் வாங்குவது என்றால், அதற்குப் பெயர் என்ன? உன் பசிக்கு ஊரான் சாப்பிடுவதா? தானே நடத்திக் கொள்ளும் படிப்புக்கு, அடுத்தவன் எழுதின மனு! புரோகிதன் புரியாத பாஷையில் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை தலையாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆண்பிள்ளைக்காவது அப்பன் பாடத்தைத் தீர்மானிக்கிறான். பெண்ணுக்கு, இன்னும் ஊர் பேர் தெரியாத மாப்பிள்ளை வீட்டார் தீர்மானிக்கிறார்கள். "இதைப் படித்தால் இவளுக்கு மேல் படித்த வரன் எங்கே தேடுவது?" என்கிறார்கள். தன் புடவையின் நிறத்தைக் கூடத் தீர்மானிக்க விடாத வீட்டில் பிறந்த பெண், "என் கேள்வி இது, என் திட்டம் இது" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் எந்த நாட்டுக்கும் போகாவிட்டாலும் அது அவளுடைய விடுதலைப் பத்திரமேயாகும்.

இவ்வளவும் சொன்னதால் அமெரிக்காக் கலாசாலையை நாம் கோவிலாக்கிக் கும்பிடச் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வடக்கே காசியை விட்டு மேற்கே நியூயார்க்கைக் கும்பிடுவதற்குச் சுயமரியாதை என்று பெயரல்ல. அங்கேயும் படிப்பு விலைக்குத்தான் விற்கப்படுகிறது. விலையும் சாமானிய விலை அல்ல. சுதந்திரமாகப் படி என்று சொல்லிக் கடனில் கட்டிப் போட்டால், அந்தச் சுதந்திரம் எத்தனை நாளைக்கு? காடர்டு காலேஜின் கதியையே பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் 1,900 பேருக்கு மேல் படித்த இடம்; 2024 இல் சுமார் 220 பேராய்க் குறைந்து, பணமில்லாமல் அந்த வருஷமே மூடப்பட்டது. கொள்கை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் தாங்கப் பொதுப் பணம் வேண்டும். ஆகவே, வீட்டை அடகு வைத்து இதற்குப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் நாம் சொல்ல மாட்டோம். உபகாரச் சம்பளம் உண்டா, கட்டணக் குறைப்பு உண்டா, இதே கேள்வியை நம் நாட்டிலேயே படிக்க வழியுண்டா என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும். கணக்குப் பார்ப்பது கேவலமல்ல; கணக்குப் பார்க்காமல் சாமி விட்ட வழி என்று போவதுதான் கேவலம்.

உபகாரச் சம்பளம் என்றதும் ஒரு அக்கிரமத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க இந்திய சர்க்கார் பணம் கொடுக்கும் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்று உண்டு. 2022 இல் அதன் விதிகளைத் திருத்தினார்கள். எப்படி? இந்தியாவின் கலாசாரம், பாரம்பரியம், சரித்திரம், இந்திய சமூக ஆராய்ச்சி ஆகியவற்றைப் பற்றிய விஷயங்களுக்கு அந்தப் பணம் கிடையாது என்று! அதாவது, ஜாதியால் மிதிபட்டவன் அயல்நாட்டுக்குப் போய் என்ன வேண்டுமானாலும் படிக்கலாம், தன்னை மிதித்தது எது என்பதை மாத்திரம் படிக்கக் கூடாது. பரோடா மகாராஜா 1913 இல் இப்படி ஒரு விதி போட்டிருந்தால், அம்பேத்கரின் 1916 வியாசம் உண்டாகியிருக்குமா? துரோணன் கட்டைவிரலைக் கேட்டான். இந்த விதி கேள்வியையே கேட்டு வாங்குகிறது. விரல் போனால் வில்தான் போகும். கேள்வி போனால் மனிதனே போய்விடுவான். மாணவன் தன் பாடத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஏதோ பணக்காரப் பிள்ளைகளின் சொகுசு என்று எண்ணுகிறவர்கள் இந்த விதியைப் பார்க்கட்டும். அது சொகுசானால் அதைத் தடுக்க ஒரு சர்க்கார் விதி எழுத வேண்டிய அவசியம் என்ன?

திருப்பூர் வாலிபர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஏஜெண்டு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டார். தன் கிணற்றில் ஆரம்பித்துத் தானே எழுதினார். இங்கிலீஷ் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருந்தது. விஷயம் நேராக இருந்தது. தண்ணீர் ரசாயனம், சட்டம், வியாபாரப் பொருளாதாரம், தொழிலாளர் சரித்திரம் இவற்றில் இன்னின்னது, இன்ன காரணத்திற்காக, இன்ன வரிசையில் என்று திட்டம் போட்டார். முடிவில் ஆராய்ச்சியோடு, கிணறு கிணறாக உப்பைக் கணக்கெடுத்துக் கிராமத்தார் தாங்களே படித்துப் புரிந்து கொள்ளும்படியான தமிழ்ப் புத்தகம் ஒன்றும் செய்து தருவதாக எழுதினார். கூடப் படித்த சோதனைச் சாலை ஆசிரியர் ஒருவரும், வழக்கு நடத்திய விவசாயிகளோடு வேலை செய்த வக்கீல் ஒருவரும் கடிதம் கொடுத்தார்கள். வீட்டில் நாள் பார்க்கச் சொன்னதற்கு, "கடைசித் தேதிக்கு முந்தின நாள் நல்ல நாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் பணத்துக்கு வழி பார்க்க வேண்டும். ஆனால் அவர் நம்மிடம் சொன்னது ஒன்று: "இடம் கிடைக்காவிட்டாலும் கிணற்றுக் கணக்கை ஆரம்பித்துவிட்டேன், இதுவரை 17 கிணறு பார்த்தாயிற்று." படிப்பு என்றால் இதுதான். பட்டம் வந்தால் வரட்டும். படிப்பு முன்னமே வந்துவிட்டது.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை பத்தாவது படித்தாலும் சரி, எம்.ஏ. படிக்கப் போனாலும் சரி, "என்ன மார்க்கு?" என்று கேட்பதற்கு முன்னால் "உனக்கு என்ன கேள்வி?" என்று கேளுங்கள். பதில் சொன்னால், அது உங்களுக்குப் பிடிக்காத கேள்வியாக இருந்தாலும் வாயை அடைக்காதீர்கள். படிக்கப் போகும் வாலிபர்களும் பெண்களும், உங்கள் நோக்கத்தை உங்கள் கையால் எழுதுங்கள். நாளும் கோளும் பார்க்காதீர்கள். பெரிய மனிதர் வாசலில் நிற்காதீர்கள். "உங்கள் கேள்வியை நாங்கள் தருகிறோம்" என்று யார் வந்தாலும், அவன் குருவாக இருந்தாலும் ஏஜெண்டாக இருந்தாலும் சர்க்காராக இருந்தாலும், கட்டைவிரலை மடக்கிக் கொண்டு "அது என்னிடம் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.